எடிசன்: வென்ற ஒலியும் தோற்ற பாட்டும்

1916 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் கார்னேகி மண்டபத்தில் ஒரு விசித்திரமான கச்சேரி நடந்தது. மேடையில் ஒரு மரப்பெட்டி. அதன் அருகில் மேரி ரப்போல்ட் என்ற ஒப்பேரா பாடகி. பெட்டிக்குள் சுழன்ற இசைத்தட்டிலிருந்து அவருடைய குரல் வந்தது. அவரும் கூடவே பாடினார். நடுவில் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை, பெட்டி தனியே பாடிக்கொண்டிருந்தது. எது மனிதக் குரல், எது இயந்திரக் குரல் என்று பிரித்தறிய முடிகிறதா என்பதுதான் சபையோருக்கு வைக்கப்பட்ட சோதனை. இத்தகைய கூட்டங்களில் விளக்குகளை அணைத்துவிடும் வழக்கமும் இருந்தது. இருட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரியும்போது பாடகி மேடையில் இருக்கமாட்டார். பெட்டி மட்டும் நிற்கும்.

1915 தொடக்கம் 1925 வரை அமெரிக்காவின் சிறு நகரங்களிலெல்லாம் இப்படி ஆயிரக்கணக்கான சோதனைகளை ஒரு கொம்பனி நடத்தியது. வித்தியாசம் தெரியவில்லை என்று சனம் சொன்னதாக அந்தக் கொம்பனி ஒவ்வொரு முறையும் விளம்பரம் செய்தது. மண்டபங்களில் இவ்வளவு தூரம் வென்ற அந்தப் பெட்டி வீடுகளில் தோற்றுப்போனது. 1929 இல் கொம்பனி இசைத்தட்டு வியாபாரத்தையே மூடிவிட்டது. அந்தக் கொம்பனியின் உரிமையாளர்தான், ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கலாம் என்று உலகுக்கு முதன்முதலில் காட்டிய தோமஸ் அல்வா எடிசன்.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் எங்கள் குறிப்புப் புத்தகங்களில் எடிசனுக்கு ஒரு வரிதான் இருந்தது: 1877, போனோகிராப். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. அந்த வரிக்குப் பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளில், தான் கண்டுபிடித்த பொருளை எதற்காகச் சனம் விரும்புகிறது என்று விளங்கிக்கொள்ளாமல் அந்த மனிதர் போராடிய கதை அங்கே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் படிக்க வேண்டிய பகுதி.

அவர் 1847 பெப்ரவரி 11 ஆம் திகதி ஒஹையோ மாநிலத்தின் மிலான் என்ற ஊரில் பிறந்தவர். பாடசாலைப் படிப்பு மிகக் குறைவு, தாயார்தான் வீட்டில் வைத்துப் படிப்பித்தார். பன்னிரண்டு வயதளவில் போர்ட் ஹியூரனுக்கும் டிட்ரோயிட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் பத்திரிகையும் இனிப்பும் விற்கப் போனார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். 1862 ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் பெருஞ்சமர் நடந்து ஆயிரக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் கிடந்த செய்தி வந்தபோது, அந்தப் பதினைந்து வயதுப் பொடியன் ஒரு காரியம் செய்தார். வழியிலுள்ள ரயில் நிலையங்களுக்கெல்லாம் தந்தி மூலம் செய்தியின் தலைப்பை முன்கூட்டியே அனுப்புவித்தார். பத்திரிகை அலுவலகத்தில் ஆயிரம் பிரதிகளைக் கடனாக வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். ஒவ்வொரு நிலையத்திலும் தங்கள் பிள்ளைகளின் கதி என்னவென்று அறியக் கூட்டம் முண்டியடித்தது. நிலையத்துக்கு நிலையம் விலையை ஏற்றி விற்றார். இதை அவரே பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். போர்க்காலத்தில் பத்திரிகைக்காகக் காத்து நின்ற வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் சனத்துக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்பதை அன்று அவர் துல்லியமாகப் பிடித்திருந்தார். பிற்காலத்தில் அவரிடம் காணாமல் போனது அந்தப் புலன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காணாமல் போன இன்னொரு புலனும் உண்டு. சிறுவயதிலேயே அவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. வயது போகப் போக ஒரு காது முற்றாகவே போய், மற்றக் காதும் மங்கிவிட்டது. தந்தி இயந்திரத்தின் தட்டல் மட்டும் தெளிவாகக் கேட்டதாம். மற்றச் சத்தங்கள் தொந்தரவு செய்யாதபடியால் நல்ல தந்தியாளராக வந்தேன் என்று அவர் சொல்லிக்கொள்வார்.

தந்தியும் தொலைபேசியுமாக வேலை செய்துகொண்டிருந்த இடத்தில்தான் போனோகிராப் பிறந்தது. நியூ ஜேர்சியின் மென்லோ பார்க் ஆய்வுகூடத்தில், 1877 இன் கடைசியில், அவருடைய ஆள் ஜோன் குரூசி அந்தச் சின்ன இயந்திரத்தைச் செய்து கொடுத்தார். வரிப்பள்ளம் வெட்டிய ஓர் உலோக உருளை, அதன் மேல் சுற்றிய வெள்ளீயத் தாள், அதிரும் மெல்லிய தகடு, அதில் பொருத்திய ஊசி. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே பேசினால் ஊசி தாளில் மேடும் பள்ளமுமாகக் குத்திச் செல்லும். ஊசியைத் திரும்பத் தொடக்கத்தில் வைத்துச் சுற்றினால் அதே மேடு பள்ளம் தகட்டை அதிரவைத்துப் பேச்சைத் திருப்பித் தரும். தாள் சில தடவைகளில் கிழிந்துவிடும். இருந்தும் கேட்டவர்கள் அதிர்ந்து போனார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஹேய்ஸுக்கு இரவிரவாகப் போட்டுக் காட்டினார்.

அதே 1878 இல் ஒரு சஞ்சிகைக்கு எழுதிய கட்டுரையில் இந்த இயந்திரம் எதற்கெல்லாம் பயன்படும் என்று பத்து விடயங்களைப் பட்டியலிட்டார். முதலாவது, கடிதங்களைச் சொல்லி எழுதுவிப்பது. இரண்டாவது, பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள். இசை நான்காவது இடத்தில் வருகிறது. ஐந்தாவதாகக் குடும்பப் பதிவு என்று ஒன்றைச் சொல்லியிருக்கிறார். வீட்டு மனிதரின் பேச்சையும் நினைவுகளையும், சாகும் தறுவாயில் சொல்லும் கடைசிச் சொற்களையும் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம்.

அந்த ஐந்தாவது பயனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய வீதியோரப் போராட்டங்களைப் பற்றி எழுதப் போன நாட்களில் ஒரு தாயார் தன்னிடமிருந்த கசெற் ஒன்றைக் காட்டினார். ஏதோ குடும்ப வைபவத்தில் பதிந்தது. அதில் மகனின் குரல் சில விநாடிகள் வருகிறது, யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறான். பதுங்குகுழி ஈரமும் பல இடப்பெயர்வுகளும் கண்ட நாடா, இரைச்சல் அதிகம். உறவுக்காரப் பொடியன் ஒருவன் அதை நகரத்தில் கொடுத்துக் கணினியில் இரைச்சலை நீக்கிக் கொண்டுவந்திருந்தான். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரைச்சலோடு சேர்ந்து குரலின் கரகரப்பும் போய்விட்டது. தாயார் இரண்டு தரம் கேட்டுவிட்டு, இது ஆற்றையோ குரல், பழையதைத் தா என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஒலியின் தரம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வருகிறது.

எடிசனோ போனோகிராப்பைக் கிட்டத்தட்டப் பத்து வருடம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மின்விளக்கின் பின்னால் போனார். இடையில், தொலைபேசிக்குப் பெயர்பெற்ற பெல்லின் ஆட்கள் வெள்ளீயத் தாளுக்குப் பதிலாக மெழுகைப் பயன்படுத்தி மேம்பட்ட இயந்திரம் செய்துவிட்டார்கள். ரோசம் வந்து 1887 இல் மறுபடியும் இறங்கினார். அப்போதும் அவருடைய எண்ணம் அலுவலகங்களில் கடிதம் சொல்ல உதவும் இயந்திரம் என்பதே. 1889 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மதுச்சாலையில் யாரோ காசு போட்டால் பாட்டுக் கேட்கும் விதமாக அதை மாற்றி வைத்தார்கள். சனம் வரிசையில் நின்றது. இப்படி விளையாட்டுச் சாமானாகிவிட்டால் மதிப்புக் கெட்டுவிடும் என்று எடிசன் முகம் சுளித்தார். ஆனால் கடிதம் சொல்லுவித்ததால் பெரிய காசு வரவில்லை. பாட்டில் வந்தது.

இதற்கிடையில் ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த எமில் பெர்லினர் என்பவர் உருளையை விட்டுத் தட்டைக் கையில் எடுத்தார். அவர் வைத்த பெயர் கிராமபோன். எங்கள் மொழியில் இன்றும் நிற்பது அந்தப் பெயர்தான். எடிசன் வைத்த போனோகிராப் என்ற பெயரைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் கேட்டதில்லை. எங்கள் பாட்டன்மாரின் வீடுகளுக்கு வந்து சேர்ந்த, நாய் படம் போட்ட தட்டுகள் எல்லாம் பெர்லினரின் வழிவந்தவை. உருளையை ஒவ்வொன்றாகப் பதியவேண்டியிருந்த காலத்திலேயே தட்டை ஒரு அச்சிலிருந்து ஆயிரமாக அழுத்தி எடுக்கலாம். அலுமாரியில் அடுக்கலாம். சத்தமும் பெரிது. ஆனால் உரசலும் கரகரப்பும் கூட. சுத்தமான ஒலி என்று பார்த்தால் நல்ல உருளை சிறந்தது என்பதில் எடிசன் பிழை சொல்லவில்லை.

பெர்லினரின் தட்டைக் கையேற்று 1901 இல் விக்டர் கொம்பனியைத் தொடங்கிய எல்ட்ரிட்ஜ் ஜோன்சனுக்கு ஒரு விடயம் விளங்கியிருந்தது. சனம் பெட்டியை வாங்குவது பெட்டிக்காக அல்ல. 1902 இல் மிலான் நகரத்து ஹோட்டல் அறையொன்றில் ஃபிரெட் கைஸ்பேர்க் என்ற பதிவாளர், என்ரிக்கோ கரூசோ என்ற இளம் பாடகரைக் கூம்புக் குழலுக்கு முன்னால் நிறுத்திப் பத்துப் பாட்டுகளைப் பதிந்தார். இரண்டு வருடத்தில் விக்டர் கரூசோவை ஒப்பந்தம் செய்தது. சிவப்பு லேபிளில் கொட்டை எழுத்தில் அவர் பெயர். பிறகு கூம்புக் குழலையே தளபாடம் போன்ற பெட்டிக்குள் ஒளித்து, 1906 இல் விக்ட்ரோலா என்று வரவேற்பறைக்கு அனுப்பியது. கரூசோவைக் கேட்கவேண்டுமானால் விக்டர் வாங்கவேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

எடிசன் பதில் சொல்ல 1912 வரை எடுத்தார். வந்த பதில் பொறியியலாளனின் பதில். வைரத்தட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே அருமையான வேலை.

மற்றவர்களின் தட்டில் ஊசி இடமும் வலமுமாக ஆடும். எடிசனின் தட்டில், அவருடைய முதல் உருளையைப் போலவே, மேலும் கீழுமாக ஆடியது. மற்றவர்கள் இரும்பு ஊசி போட்டார்கள். ஒரு தட்டுக்கு ஓர் ஊசி என்று மாற்றவேண்டும், தட்டும் தேயும். எடிசன் மெருகிட்ட வைர ஊசி போட்டார், மாற்றவே தேவையில்லை. மற்றப் பெட்டிகளில் பாரமான கையைத் தட்டின் பள்ளமே இழுத்துக்கொண்டு போகவேண்டும், அந்த இழுவையில் பள்ளத்தின் சுவர் சிதையும். எடிசன் பெட்டிக்குள் பற்சில்லு வைத்து, இயந்திரமே கையை நகர்த்தும்படி செய்தார். அவர் தட்டில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிகள். பத்தங்குலத் தட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் பாட்டு நிற்கும். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம்தான். தட்டு வளையக்கூடாது என்பதற்காகக் கால் அங்குலத் தடிப்பில் செய்து, மேலே கடினமான பிசின் பூசினார். சமையலறைப் பலகை மாதிரிக் கனக்கும்.

மின்சாரம் இல்லாமல், ஒலிவாங்கி இல்லாமல், குழலும் தகடும் ஊசியும் மட்டும் கொண்டு பதிந்த காலத்தின் மிகச் சிறந்த ஒலி எடிசனுடையது என்று பழைய தட்டுச் சேகரிப்போர் பலர் இன்றும் சொல்கிறார்கள். அந்த விடயத்தில் அவர் வென்றார். ஆனால் அவருடைய தட்டு விக்டர் பெட்டியில் ஓடாது. விக்டர் தட்டு அவருடைய பெட்டியில் ஓடாது. எடிசன் பெட்டி வாங்கிய வீட்டுக்கு எடிசன் தரும் பாட்டு மட்டும்தான்.

அந்தப் பாட்டை யார் தெரிவு செய்தார்? இங்கேதான் கதை கெடுகிறது. எடிசனே தெரிவு செய்தார். அறுபது வயதைத் தாண்டிய, ஏறக்குறையக் காது கேளாத மனிதர், பாடகர்களின் சோதனைப் பதிவுகளைத் தானே கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் தீர்ப்பு எழுதினார். எப்படிக் கேட்டார்? போனோகிராப்பின் மரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு. அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்செவிக்குப் போகும். பியானோவையும் அப்படிக் கடித்துக் கேட்டிருக்கிறார். அவருடைய பல் பதிந்த மரப்பெட்டி இன்றும் இருக்கிறது. வெளிச்சத்தம் எதுவும் குறுக்கிடாததால் மற்றவர்களைவிடத் தனக்குத்தான் இசை சுத்தமாகக் கேட்கிறது என்று அவர் நம்பினார். அந்தப் படத்தை மனதில் கொண்டுவரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்பதற்கு இவ்வளவு ஏங்கிய ஒருவர் வேறு யார்?

ஆனால் பல்லால் கேட்டவர் மற்றவர்களின் காதுக்கும் தீர்ப்பளித்தார். குரல் நடுங்கினால் அவருக்குப் பிடிக்காது. ஒப்பேராப் பாடகர்களுக்கு இயல்பான அந்த அசைவை அவர் குற்றமாகக் கண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தள்ளினார். எங்கள் கமகத்தை அவர் கடித்துக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ. புதிதாக வந்த ஜாஸ் அவருக்கு ஆகவில்லை. நெஞ்சைத் தொடும் பழைய, எளிய பாட்டுகள்தான் அவருக்கு இசை. பெரிய பெயர்களுக்குப் பெரிய பணம் கொடுப்பது வீண் என்று நினைத்தார். ஒலி நன்றாக இருந்தால் போதும், பாடுவது யாராக இருந்தால் என்ன? அவருடைய ஆரம்ப வைரத்தட்டுகளில் பாடியவரின் பெயரே அச்சிடப்படவில்லை. கடைக்காரர்கள் முறையிட்டார்கள். பிறகுதான் பெயர் வந்தது.

பாடுவது யார் என்பதுதான் சனம் முதலில் கேட்பது. இது எந்த ஊருக்கும் பொது.

1914 டிசெம்பர் 9 ஆம் திகதி வெஸ்ட் ஒரேஞ்ச் தொழிற்சாலை தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. அறுபத்தேழு வயதில் அதைத் திரும்பக் கட்டினார். அப்போது ஐரோப்பாவில் உலகப் போர் தொடங்கியிருந்தது. தட்டின் மேற்பூச்சுக்கு வேண்டிய பீனோல் என்ற இரசாயனம் அதுவரை கடல் கடந்து வந்தது. குண்டுகளுக்கான வெடிமருந்து செய்யவும் அதே பீனோல்தான் வேண்டும். போர் தொடங்கியதும் வரத்து நின்றது. எடிசன் தானே பீனோல் தொழிற்சாலை போட்டார். ஆனாலும் போர்க்காலத் தட்டுகளின் மேற்பரப்பு கெட்டு, இரைச்சல் கூடியது. ஒலிச் சுத்தத்தைத் தவிர வேறெதையும் விற்காத கொம்பனிக்கு அது பலத்த அடி. ஒரே பொருள் ஒரு கரையில் பாட்டாகவும் மறு கரையில் குண்டாகவும் போனது என்பதை வாசித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அமெரிக்கா போரில் இறங்கியபோது படைமுகாம்களுக்கென்று உறுதியான மரப்பெட்டியில் ஒரு மாதிரியையும் எடிசன் விட்டார். பிரித்தானியப் படையினரோ பதுங்குகுழிகளில் டெக்கா என்ற சின்னக் கைப்பெட்டிக் கிராமபோனை வைத்திருந்தார்கள். 1914 இல் வந்தது. மூடியைத் திறந்து, சாவி கொடுத்துவிட்டால் போதும். தகரச் சத்தம். எடிசனின் வைர ஊசிக்கு முன் நிற்கவே முடியாது. அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

அதை நம்புவதற்கு எங்களுக்கு வரலாற்றாசிரியர் தேவையில்லை. பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் இருந்த தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காத வடக்கில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. நான் அதன் கடைசி ஆட்களில் ஒன்று. வன்னியில் இடம்பெயர்ந்திருந்த கொட்டிலில் சைக்கிள் சுற்றுவது பிள்ளைகளின் வேலை. கை களைத்தால் வேகம் குறையும், டி.எம்.சௌந்தரராஜனின் குரல் தடித்துச் சோம்பிப்போகும். பெரியவர்கள் அதட்டுவார்கள். மறுபடி வேகமாகச் சுற்றினால் பாட்டு நிமிரும். ஒலித்தரம் என்று பார்த்தால் அதைவிடக் கேவலமானது இருக்கமுடியாது. ஆனால் பக்கத்துக் கொட்டில்களிலிருந்தும் வந்து இருந்து கேட்டார்கள். இன்று கொழும்பில் என் நண்பர் ஒருவர் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய ஒலிபெருக்கிகளின் முன்னால் இருந்து, வயரை மாற்றினால் வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரே பாட்டின் முதல் அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். பாட்டு முடிந்து நான் பார்த்ததில்லை.

அதற்காகத் தொழில்நுட்பம் வேண்டாத ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது சுத்தப் பம்மாத்து. சைக்கிள் சுற்றியவர்களுக்கு மின்சாரம் வந்தபோது ஒருவரும் மீண்டும் சைக்கிளுக்குப் போகவில்லை.

கார்னேகி மண்டபத்துக்கு வருவோம். அந்தச் சோதனைகளில் சபையோர் ஏமாந்தது எப்படி? அன்னா கேஸ் என்ற பாடகி எடிசனுக்காகப் பல ஊர்களில் இந்தச் சோதனையைச் செய்தவர். பல தசாப்தங்களுக்குப் பிறகு, முதிய வயதில், அவர் உண்மையைச் சொன்னார். மேடையில் தன் குரலை இயந்திரத்தின் குரலைப் போல மாற்றிப் பாடினாராம். இயந்திரம் மனிதரைப் போலப் பாடுகிறது என்று ஊரெல்லாம் நம்பியிருக்க, மனிதர் இயந்திரத்தைப் போலப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். மண்டபத்தை நிரப்பக்கூடிய ஒரு பாடகி, ஒரு மரப்பெட்டியின் அளவுக்குத் தன் குரலைச் சுருக்கியதை நினைக்கத்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்பத்தையும் அளக்கலாம் என்று எடிசன் கொம்பனி 1920 அளவில் முயன்று பார்த்தது. பிங்ஹாம் என்ற உளவியலாளரைப் பிடித்து, வீடுகளுக்குப் படிவங்களைக் கொடுத்தார்கள். பாட்டுக் கேட்பதற்கு முன் மனநிலை என்ன, பின் என்ன, கவலையா, களைப்பா, எது மாறியது என்று நிரப்பவேண்டும். நல்ல கேள்வி. ஆனால் கொடுத்த தட்டுகள் எல்லாம் எடிசன் தெரிந்தவை. வேறு எந்தப் பாட்டைக் கேட்க விருப்பம் என்ற கேள்வியில் தொடங்கியிருந்தால் அவருடைய கதை வேறு திசையில் போயிருக்கலாம்.

விட்டுவிட்ட வாய்ப்புகளில் பெரியது ரஷ்யாவிலிருந்து வந்தது. செர்கேய் ரஹ்மானினோவ், 1917 புரட்சியோடு வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுக் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டு நியூயோர்க் வந்து இறங்கிய அகதி. நாற்பத்தைந்து வயதில் பிழைப்புக்காக மேடை மேடையாகப் பியானோ வாசிக்கத் தொடங்கியிருந்தார். 1919 இல் அவர் முதன்முதலாக இசைத்தட்டுக்கு வாசித்தது எடிசனிடம்தான். நூற்றாண்டின் மிகப்பெரிய பியானோக் கலைஞர்களில் ஒருவர் தானாக வாசலில் வந்து நின்றார். எடிசனுக்கு அந்த வாசிப்பு பிடிக்கவில்லை. மறு ஆண்டு ரஹ்மானினோவ் விக்டருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அங்கேதான்.

1925 இல் விக்டரும் கொலம்பியாவும் ஒலிவாங்கி கொண்டு மின்சாரத்தில் பதியத் தொடங்கின. கூம்புக் குழலுக்குள் கத்தவேண்டியதில்லை, காதோடு பேசுவது போலவும் பாடலாம். கீழ்ச் சுருதிகளும் பெரிய வாத்தியக் குழுக்களும் முதல் தடவையாக வீட்டுக்குள் வந்தன. மின்சாரத்தை வீடுகளுக்குக் கொண்டுபோன மனிதர் தன் பாட்டுக்கு அதை 1927 வரை அனுமதிக்கவில்லை. அதற்கு முன், 1926 இல், ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் ஓடும் நீண்ட தட்டை விட்டார். இருபது வருடம் கழித்து உலகத்தை ஆளப்போகும் எண்ணம் அது. வரிகள் மிக நெருக்கம், சுவர் மெலிவு, சத்தம் குறைவு. அதிலும் புதிதாக எதையும் பதியாமல் ஏற்கெனவே இருந்த பழைய பதிவுகளையே நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு நீண்ட இசைக்கோலத்தை இடையில் தட்டு மாற்றாமல் கேட்கலாமே என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை போலும். விற்கவில்லை.

வானொலி வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த மோகம் நிலைக்காது என்று எடிசன் சொல்லிக்கொண்டிருந்தார். மகன்மார் சார்ள்ஸும் தியடோரும் மன்றாடி, 1929 கோடையில் மற்றவர்களின் பெட்டியிலும் ஓடக்கூடிய சாதாரணத் தட்டுகளை வெளியிட வைத்தார்கள். பதினேழு வருடம் பிந்தியது. ஒக்டோபர் கடைசியில், பங்குச் சந்தை விழுந்த அதே நாட்களில், கொம்பனி இசைத்தட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம். உருளைகளை மற்ற எல்லோரும் கைவிட்ட பிறகும் எடிசன் 1929 வரை செய்துகொண்டிருந்தார். நாட்டுப்புறத்துப் பண்ணை வீடுகளில் பழைய உருளைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்காக. லாபம் இல்லை. 1914 இன் கடைசியிலிருந்து அந்த உருளைகளில் புதிதாகப் பதியக்கூட இல்லை, தட்டை ஓடவிட்டு அதிலிருந்து பிரதி எடுத்தார்கள். ஒலியின் சுத்தம் பற்றி இவ்வளவு கத்திய மனிதர், தன் முதல் வாடிக்கையாளருக்குப் பாட்டு நின்றுவிடக்கூடாது என்பதற்காகப் பிரதியின் மங்கிய சத்தத்துக்குச் சம்மதித்திருக்கிறார். எனக்கு அவரில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1931 ஒக்டோபர் 18 ஆம் திகதி, எண்பத்து நான்கு வயதில், வெஸ்ட் ஒரேஞ்சில் தன் வீட்டில் இறந்தார். நல்லடக்கம் நடந்த நாளின் இரவு, ஜனாதிபதி ஹூவரின் வேண்டுகோளின்படி அமெரிக்கர்கள் ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்தார்கள். விளக்குக்காகத்தான் அந்த மரியாதை. பாட்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அவருடைய தொழிற்சாலையும் அங்கே மிஞ்சிய தட்டுகளும் உருளைகளும் இன்று அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கின்றன. பலவற்றை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். இந்தக் கட்டுரையை எழுதும்போது ரஹ்மானினோவ் எடிசனுக்கு வாசித்த லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சடியைக் கைத்தொலைபேசியில், ஒரு பக்கம் வேலை செய்யாத காதணியில் கேட்டேன். மூன்று தட்டுப் பக்கங்களுக்குப் பிரித்து வாசித்திருக்கிறார். அடியில் மழை பெய்வது போல் இரைச்சல். மூன்றாவது பக்கத்தில், லிஸ்ட் எழுதாத, ரஹ்மானினோவ் தானே கட்டிச் சேர்த்த ஒரு பகுதி வருகிறது. ஊரும் வீடும் விட்டு வந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்த மனிதர், அந்த இடத்தில் குறும்பாக, கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டு வாசிக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.